கொருக்குப்பேட்டையில் தோட்டக் குழு: முதல் வேலையாக எதை எடுக்கலாம்?

கேள்வி, பிப்ரவரி 8

அக்கா, கொருக்குப்பேட்டையில் எங்கள் தெருப் பசங்க ஒன்பது பேர் சேர்ந்து ஒரு தோட்டக் குழு ஆரம்பிக்கிறோம். முதல் வேலையாக வீட்டுக்கு ஒரு மரக்கன்று இலவசமாகக் கொடுப்பதாக முடிவு. நூறு கன்றுக்கு ஸ்பான்சரும் கிடைத்துவிட்டார். தண்டையார்பேட்டையில் உங்கள் குழு பல வருஷமாக நடக்கிறதே, எந்தக் கன்று கொடுத்தால் நன்றாக வரும்?

பிப்ரவரி 9

கன்று கொடுக்காதீர்கள் தம்பி. பிப்ரவரியில் கண்டிப்பாக வேண்டாம். ஸ்பான்சரிடம் பேசி அக்டோபருக்குத் தள்ளிப் போடுங்கள், மழை தொடங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நாங்களும் முதல் வருஷம் இதையேதான் செய்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பந்தல் போட்டு, மைக் வைத்து 120 கன்று. மா, கொய்யா, நெல்லி, சப்போட்டா. ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோனது, எங்களுக்கும் அவ்வளவு சந்தோஷம். ஆறு மாதம் கழித்து நானும் இன்னொரு அக்காவும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் எண்ணினோம். 17 கன்று உயிரோடு இருந்தது. ஒரு வீட்டில் நர்சரியின் கறுப்புப் பையைக்கூடப் பிரிக்கவில்லை. மாடிப்படிக்கு அடியில் மண் செங்கல் மாதிரி இறுகி, நடுவில் ஒரு குச்சி நின்றது. அந்த வீட்டு அம்மா, "இன்னாம்மா பண்றது, தண்ணி லாரி வந்தா நாலு கொடம் புடிக்கவே போராட்டம், இதுக்கு எங்க ஊத்தறது" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அந்த வீட்டில் வெயில் வருகிறதா, தண்ணீர் இருக்கிறதா, கன்றை வைக்க இடமாவது இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்காமல் கையில் திணித்தது நாங்கள்தான்.

நட்ட அன்றைக்கு எல்லோரும் வருவார்கள். நாற்பதாவது நாள் யார் குடத்தோடு வருவார் என்பதை முதலில் பேசி முடியுங்கள். அதற்கு ஆள் பெயர் சொல்ல முடிகிற வேலையை மட்டும் எடுங்கள்.

பிப்ரவரி 10

தண்ணீரைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். வடசென்னையில் எந்தச் செடி வேலைக்கும் அதுதான் அடிப்படை. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிய விஷயம் 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்டது. நம் தெருக்களிலும் கடலுக்குக் கிட்டே போகப் போக போர் தண்ணீர் கரிக்கும். எங்கள் பிளாக் போரில் டிடிஎஸ் மீட்டரை (தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கருவி) விட்டால் கோடையில் 1900 வரை காட்டும். அந்தத் தண்ணீரில் பீன்ஸ் போட்டேன், கேரட் போட்டேன், வெங்காயமும் போட்டேன். இலை நுனி பழுப்பாகக் கருகி உள்பக்கமாகச் சுருண்டுகொண்டு வரும். நான் பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடித்துக்கொண்டே இருந்தேன். உப்பு என்று புரிய ஒரு வருஷம் ஆனது.

உப்பைத் தாங்குகிறவை இருக்கின்றன. மரத்தில் பூவரசு, புன்னை, புங்கன். கீரையில் பருப்புக்கீரை நன்றாகத் தாங்கும், முளைக்கீரையும் ஓரளவு வரும். கொத்தவரை எங்களுக்கு ஏமாற்றம் தந்ததில்லை.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று நிறைய பேர் ஊற்றுகிறார்கள். நல்ல தண்ணீரைப் பிரித்து எடுத்தபிறகு மிச்ச உப்பெல்லாம் அதில்தான் திரண்டு நிற்கிறது, வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பே கிடையாது, அதைப் பிடித்து ஊற்றலாம். அரிசி களைந்த தண்ணீரும் சரி.

பிப்ரவரி 16

"அப்படியென்றால் நாங்கள் என்னதான் செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கு உண்மையில் கைகூடிய முதல் வேலையைச் சொல்கிறேன்.

எங்கள் ஹவுசிங் போர்டு பிளாக்கின் பக்கச் சுவரை ஒட்டி நாற்பது அடி நீளம், எட்டு அடி அகலத்துக்கு ஒரு சந்து. பல வருஷமாகக் குப்பை கொட்டும் இடம். மூன்று ஞாயிறு சுத்தம் செய்தோம். மேலே பிளாஸ்டிக், அதற்குக் கீழே உடைந்த டைல்ஸ், அதற்கும் கீழே பாட்டில் சில்லு. மண்வெட்டி போட்டு இழுத்தால் வராது, எதிலோ மாட்டிக்கொண்டு நிற்கும். குனிந்து பார்த்தால் மாஞ்சா நூல். எத்தனை வருஷத்துக் காத்தாடியோ, மண்ணுக்குள் வலை மாதிரிப் பின்னிக் கிடந்தது. ஒரு பையன் வெறுங்கையால் இழுத்து இரண்டு விரலில் கீறிக்கொண்டான். அதன்பிறகு கையுறை இல்லாமல் யாரையும் உள்ளே விடவில்லை. நீங்களும் வாங்கி வையுங்கள், பெயின்ட் கடையில் கிடைக்கும்.

மண்ணை எட்டு அங்குலம் எடுத்துவிட்டுச் செம்மண் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு என்று கலந்து போட்டோம். நார்க்கழிவிலும் உப்பு உண்டு, மூன்று தண்ணீர் கழுவிப் பிழிந்துதான் போட வேண்டும். கீரைதான் முதல் விதைப்பு, இருபத்தைந்து நாளில் பறித்து பிளாக்கில் இருக்கிற எல்லா வீட்டுக்கும் ஒரு கைப்பிடி கொடுத்தோம். மறுநாளிலிருந்து அங்கே ஒருவர்கூடக் குப்பை போடவில்லை. நாங்கள் போர்டு எதுவும் எழுதி வைக்கவில்லை.

மரத்தை விட்டுக் கீரையில் ஆரம்பியுங்கள் என்று சொல்வது இதனால்தான். பலன் சீக்கிரம் கைக்கு வந்தால் ஆட்கள் நிற்பார்கள்.

பிப்ரவரி 23

தொட்டிக்குச் செலவு செய்யாதீர்கள். காசிமேட்டில் மீன் வந்த தெர்மாகோல் பெட்டி, ஓரம் உடைந்தது, சும்மாவே கொடுப்பார்கள். அடியில் ஆறு ஓட்டை போட்டு மண் நிரப்பினால் ஆயிற்று. ஐஸ் கரையாமல் காக்கிற பெட்டி என்பதால் மொட்டை மாடி வெயிலிலும் வேர் வேகாது. நான்கு தண்ணீர் கழுவி வெயிலில் காயவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், ஐஸ் தண்ணீரின் உப்பும் கவிச்சியும் போக வேண்டும்.

மார்ச் 2

காசிமேடு என்றதும் மீன் அமிலம், அதாவது மீன் கழிவை நொதிக்கவைத்துச் செய்கிற செடி உரம் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். எங்கள் குழுவுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுத்ததும் இதுதான், ஒரு பெரிய சண்டை கொண்டுவந்ததும் இதுதான்.

மீன் வெட்டிக் கொடுக்கிற அக்காக்களிடம் சொல்லி வைத்தால் குடல், செவுள், தலை எல்லாம் ஒரு வாளியில் போட்டு வைப்பார்கள். கழிவு எவ்வளவு எடையோ அதே எடைக்கு நாட்டு வெல்லம். பொடியாக நறுக்கிக் கலந்து பிளாஸ்டிக் கேனில் போட்டு நிழலில் வைக்க வேண்டும், இரும்பு டப்பா கூடாது. வாரம் ஒருமுறை மூடியை லேசாகத் திறந்து காற்றை விடுங்கள். நாற்பது நாளில் நாற்றம் போய் ஒருவிதப் பழ வாடை வரும், அப்போது வடிகட்டலாம். தண்ணீருக்கு 50 மில்லி கலந்து தெளித்தால் பதினைந்து நாளில் இலை கறும்பச்சையாகத் திரும்பும்.

சண்டை எப்படி வந்தது என்றால், வெல்லம் விலை என்று பாதி அளவு போட்டோம். நொதிக்காமல் அழுகிவிட்டது. கேனைத் திறந்த அன்று மூன்றாவது மாடி வரை நாறி, கீழ் வீட்டில் பெண் பார்க்க வந்தவர்கள் உட்காராமலே போய்விட்டார்கள். அந்த அண்ணி ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை. வெல்லத்தில் கை வைக்காதீர்கள், கேனை வீட்டுக்குக் கிட்டேயும் வைக்காதீர்கள்.

செய்வதானால் இந்த வாரமே போடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், பெரிய விசைப்படகுகள் போகாது, கழிவும் குறைந்துவிடும்.

மார்ச் 4

அவசரத் திருத்தம். மேலே 50 மில்லி என்று எழுதியது பத்து லிட்டர் தண்ணீருக்கு. லிட்டருக்கு 5 மில்லி, அதிகபட்சம் 10. எத்தனை லிட்டருக்கு என்று நான் எழுதாமல் விட்டதால் ஒரு அக்கா பழைய இருப்பு அமிலத்தை ஒரு லிட்டருக்கு 50 மில்லி கலந்து ஊற்றி, அவருடைய கத்தரி நாற்று முழுக்கக் கருகிவிட்டது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. என் நாற்றில் பாதியை நாளைக்கு அவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். யாரிடம் இதைச் சொன்னாலும் அளவோடு சேர்த்துச் சொல்லுங்கள்.

மார்ச் 16

இன்று ஆணி பிடுங்கினோம். வருஷத்துக்கு இரண்டு தடவை செய்கிற வேலை. செலவு கிடையாது, ஒரு கடப்பாரை, இரண்டு கொறடு, ஒரு ஏணி போதும், முன்கூட்டியே வார்டு அலுவலகத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிடுவோம்.

பஸ் ஸ்டாப் பக்கத்து வேம்பு ஒன்றில் மட்டும் 64 ஆணி. டியூஷன் சென்டர், வீடு வாடகைக்கு, கண்ணீர் அஞ்சலி, எல்லா போர்டும் கிழிந்து போய்விட்டது, ஆணி மட்டும் பாக்கி. பழைய ஆணிகளைப் பட்டை பாதி மூடியிருந்தது, தலை மட்டும் துருவோடு தெரிந்தது. கொறடைப் பட்டைக்குள் அழுத்தினால் மரத்துக்கு இன்னும் காயம், அதனால் சின்ன உளியால் சுற்றிலும் பொறுமையாக நெகிழ்த்தி எடுக்க வேண்டும். ஒரு ஆணிக்கு ஐந்து நிமிஷம்கூட ஆகும். ஆழமாகப் புதைந்ததை விட்டுவிட்டோம், மரம் அதை விழுங்கிக்கொண்டது, தோண்டுவது அதிகம் கெடுதல்.

அப்புறம் அடியில் சுற்றியிருந்த சிமெண்டை உடைத்தோம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் எங்கள் தெருவில் சாய்ந்த மரங்களைப் பார்த்தவள் நான். கழுத்துவரை சிமெண்ட் போட்டு நெரித்த மரங்கள் வேர்ப் பந்தோடு அப்படியே பெயர்ந்து கிடந்தன. பக்கத்திலேயே மண்ணில் நின்ற பூவரசு கிளையை மட்டும் இழந்து நின்றது. சுற்றி ஒரு மீட்டராவது மண் தெரிய வேண்டும். இன்றைக்கு உடைத்த இடத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினோம். கண் எதிரில் சர்ரென்று உள்ளே போனது. இஸ்திரிக் கடை அண்ணன் அதைப் பார்த்துவிட்டு இனிமேல் தினம் ஒரு வாளி தன் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்.

மார்ச் 30

ஆணி எடுத்த ஓட்டையில் பூச்சி ஏறாதா என்று கேட்டவருக்கு: முதலில் நாங்களும் பயந்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்து அடைத்தோம். இரண்டு வருஷம் அடைத்ததையும் அடைக்காததையும் பார்த்துவிட்டேன், வித்தியாசமே இல்லை. மரம் தன் காயத்தைத் தானே உள்ளே சுவர் வைத்து அடைத்துக்கொள்ளும். சுத்தமாகவும் காற்றோட்டமாகவும் விட்டால் போதும், இப்போது எதுவும் பூசுவதில்லை.

ஏப்ரல் 20

பள்ளிக்கூடத் தோட்டம். இதை நான் ஒதுக்கியே வைத்திருந்தேன், ஏனென்றால் ஒவ்வொரு வருஷமும் எங்களைத் தோற்கடித்த விஷயம். மாநகராட்சிப் பள்ளியில் ஜூலையில் பாத்தி போடுவோம், பிள்ளைகள் உயிரைக் கொடுத்துப் பார்த்துக்கொள்வார்கள், ஒரு பெண் தன் வெண்டைச் செடிக்கு ஸ்கேல் வைத்துத் தினமும் அளந்து நோட்டில் எழுதுவாள். தேர்வு முடிந்து கேட்டைப் பூட்டினால் ஒன்றரை மாதம் யாரும் இல்லை. ஜூனில் திரும்பி வருகிற பிள்ளைகள் வெறும் குச்சிகளைப் பார்ப்பார்கள். அந்தப் பெண் குச்சியையும் அளந்து எழுதினாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு அந்தப் பள்ளிக்குப் போகவே மனசு வரவில்லை.

இந்த வருஷம் இரண்டு காரியம் செய்திருக்கிறோம். ஒன்று, மண் கலயம். மெருகு பூசாத சாதா கலயத்தைக் கழுத்துவரை பாத்தியில் புதைத்து, தண்ணீர் நிரப்பி, சட்டி போட்டு மூடிவிட வேண்டும். கசிவதை வேர் தேடி வந்து குடிக்கும். எங்கள் சந்தில் வைத்துப் பார்த்ததில் ஒரு நிரப்பு மூன்று நாள் வந்தது. போர் தண்ணீரை அதில் ஊற்றாதீர்கள், உப்பு படிந்து கலயத்தின் கண் அடைபட்டுவிடும், லாரித் தண்ணீர்தான். இரண்டாவது, வாட்ச்மேன் அண்ணனின் மனைவியிடம் பேசினோம். மூன்று நாளுக்கு ஒரு தடவை பத்து கலயம். அவருக்கு மாதம் ஒரு தொகை, குழுக் கணக்கில். சேவையாகச் செய்யச் சொல்லலாமே என்று ஒருவர் சொன்னார், நான் ஒத்துக்கொள்ளவில்லை. வெயிலில் குடம் தூக்குகிறவருக்குக் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

மே 5

கத்திரி தொடங்கிவிட்டது. எல்லோரும் தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் நிறுத்துகிறீர்கள், அதில்தான் டெங்கு கொசு முட்டையிடும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். நாங்கள் வெள்ளிக்கிழமை சாயந்திரம் தட்டுக் கவிழ்ப்பு என்று வைத்திருக்கிறோம், பிள்ளைகள் படியேறி "ஆன்ட்டி, தட்டு!" என்று கத்துவார்கள். கவிழ்த்தால் மட்டும் போதாது, முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டியிருக்கும், தேங்காய் நாரால் தேய்த்துவிடுங்கள்.

மே 11

தெர்மாகோல் பெட்டி பற்றி பிப்ரவரி 23 அன்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். இன்று என் மாடியில் மூன்று பெட்டியைத் தூக்கினேன், கையோடு பிய்ந்து வந்தது. எட்டு மாத வெயிலில் ஓரமெல்லாம் மணி மணியாக உதிர்ந்து, காற்றில் பறந்து, மழைநீர்க் குழாய் வாயில் வெள்ளையாக அடைத்திருக்கிறது. அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், அங்கிருந்து கடல். மீன் இருக்கிற இடத்துக்கே அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். உட்கார்ந்து மண்ணில் கலந்த மணியெல்லாம் பொறுக்கினேன், பாதிகூட முடியவில்லை.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் வெளிப்பக்கம் பழைய சாக்கு சுற்றி வெயில் படாமல் வையுங்கள், அறுவடை முடிந்ததும் மாற்றிவிடுங்கள். புதிதாக யாரும் ஆரம்பிக்க வேண்டாம். 20 லிட்டர் பெயின்ட் வாளி கழுவிப் பயன்படுத்தலாம், பழைய இரும்புக் கடையில் கிடைக்கிறது.

ஜூன் 8

பள்ளி திறந்த பிறகு நேற்று போனேன். பத்துக் கலயத்தைச் சுற்றி நட்டதில் கத்தரி ஏழு, மிளகாய் ஆறு, முருங்கைப் போத்து (நடுவதற்கு வெட்டிய கிளை) இரண்டும் உயிரோடு இருக்கின்றன. ஒரு கலயம் விரிசல். தக்காளி முழுக்கப் போய்விட்டது. வெண்டை போன வருஷம் அளந்த பெண் இப்போது ஆறாம் வகுப்பு, வேறு பள்ளிக்குப் போய்விட்டாளாம். அவளுடைய நோட்டை டீச்சர் பீரோவில் வைத்திருக்கிறார், இந்த வருஷப் பிள்ளைகள் அதிலேயே தொடர்ந்து எழுதப் போகிறார்கள்.

ஜூன் 22

எர்ணாவூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளத்தோடு எண்ணெய் வந்த வீடு, அன்றைக்கு நனைந்த தொட்டி மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா என்று. வேண்டாம். எங்கள் குழு அக்கா ஒருவர் வீடும் அந்தப் பக்கம்தான். தண்ணீர் வடிந்து நாங்கள் போனபோது சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறுப்புக் கோடு, தொட்டிகளில் தார் மாதிரி ஒரு படலம். அவர் பன்னிரண்டு வருஷம் வளர்த்த நித்தியமல்லி. மேல் மண்ணைச் சுரண்டிவிட்டுக் காப்பாற்றிவிடலாம் என்று எவ்வளவோ முயன்றோம். மாதக்கணக்காக மண்ணில் தண்ணீரே இறங்கவில்லை, முத்து முத்தாக மேலேயே நின்றது. கடைசியில் ஒரு கிளையை மட்டும் பதியன் போட்டு மீட்டோம், மண்ணைத் தொட்டியோடு கழித்துவிட்டார். அந்த மண்ணில் கீரை, காய் எதுவும் போடாதீர்கள், குழந்தைகளை அளையவும் விடாதீர்கள். அந்தப் பதியனில் இந்த மாதம் பூ வந்திருக்கிறது. உங்களுக்கு வேண்டுமானால் ஒரு கிளை வாங்கித் தருகிறேன்.

ஜூலை 13

ஆடி வருகிறது, ஆடிப்பட்டம் தேடி விதை என்று எல்லோரும் கேட்பீர்கள், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆண்டு மழை சுமார் 1400 மில்லிமீட்டர், அதில் பெரும்பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். ஆடியில் வெண்டை, கொத்தவரை, கத்தரி போடுங்கள், மழைக்கு முன்னால் காய் எடுத்துவிடலாம். தக்காளியை மட்டும் நான் தைக்குத்தான் வைத்துக்கொள்கிறேன், ஆடியில் போட்டால் காய்க்கிற நேரத்தில் அடைமழையில் அழுகுகிறது. இங்கே மறுத்தவர்களும் உண்டு, அவர்களுக்கு மேலே ஷீட் கூரை இருக்கிறது.

எங்கள் விதைப் பரிமாற்றம் வரும் ஞாயிறு. விதையோடு ஒரு சீட்டு கட்டாயம்: எந்தத் தெரு, என்ன தண்ணீர், எந்த மாதம் எடுத்தது. உப்புத் தண்ணீரிலேயே நான்கு தலைமுறை வந்த கொத்தவரை விதை ஒரு டப்பா என்னிடம் இருக்கிறது, கொருக்குப்பேட்டைக்கென்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

ஜூலை 21

நேற்று விதைப் பரிமாற்றம் முடிந்து, கேள்வி கேட்ட தம்பியின் தெருவுக்குப் போய்விட்டு வந்தேன். நூறு கன்றை அக்டோபருக்குத் தள்ளிவிட்டார்கள், அதுவும் இப்போது இருபத்தைந்தாகக் குறைந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வீட்டுப் பெயரும் போன் நம்பரும் எழுதியிருக்கிறார்கள். ரயில்வே சுவர் ஓரமாகப் பத்தடிக்கு ஒரு கீரைப் பாத்தி. பசலை சரியில்லை, முளைக்கீரை நன்றாக இருக்கிறது. இரண்டு பருப்புக்கீரையைக் களை என்று பிடுங்கிப் போட்டிருந்தார்கள், எடுத்துத் திரும்ப நட்டுக் கொடுத்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு பூவரசு நிற்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதன் இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதத் தெரியவில்லை. சொல்லிக் கொடுத்தேன், அப்புறம் தெரு முழுக்க ஒரே சத்தம். அந்த மரத்திலிருந்தே கட்டைவிரல் கனத்தில் ஆறு போத்து வெட்டி ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்திருக்கிறோம். நாளைக் காலை ஆறு மணிக்கு நடுவு. முதல் வாரத் தண்ணீர் முறை மூன்றாம் நம்பர் வீடு, இரண்டாம் வாரம் டீக்கடை. நான்காம் வாரத்துக்கு இன்னும் ஆள் சேரவில்லை தம்பி, யாரும் கிடைக்காவிட்டால் போன் செய்யுங்கள், நான் வருகிறேன்.